மூக்குத்தண்டுப் பொருத்தம்

இந்த மண்ணிலிருந்து மூடநம்பிக்கையை ஒழித்தவர் எங்கள் பெரியப்பா இளம்பரிதி. ஜாதகக் கட்டத்துக்குப் பயந்து கல்யாணத்தை நிறுத்துகிறவர்களைக் கண்டால் கைகொட்டிச் சிரிப்பார். இப்போது ஊரே காது, மூக்கு, மண்டையோட்டின் அடிப்பகுதி என்று ஸ்கேன் எடுத்துத்தான் பொருத்தம் பார்க்கிறது.

பெரியப்பா மகள் நறுமுகைக்கு அவளே விரும்பிய பையன். இருவர் படத்தையும் பார்த்த ஸ்கேன் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"பொண்ணுக்கு மூக்குத்தண்டு இடப்பக்கம் வளைஞ்சிருக்கு. பையனுக்கும் இடப்பக்கம். சேராது சார்."

"நான் நல்லாத்தானே மூச்சு விடறேன்?" என்றாள் நறுமுகை. "அவரும் விடறார்ப்பா!"

"சும்மா இரும்மா, இது விஞ்ஞானம்" என்று அதட்டினார் பெரியப்பா. பிறகு செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, டாக்டர் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்:

"ஏதாவது பரிகாரம் இருக்குங்களா?"