ஒரே மாதிரித் தாள்கள்

மூன்றாவது கம்பெனியிலிருந்து வந்த பெண் ஸ்கேனரை மேசையில் வைத்தபோதே, இதற்கும் ஏதாவது நொட்டை சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

முதல் கம்பெனியின் சாஃப்ட்வேர் கையெழுத்தைக் கண்டாலே திருதிருவென்று விழித்தது. இரண்டாவது, பழுப்பேறிய தாளையெல்லாம் கறுப்பாக்கித் தந்தது. இரண்டையும் அரை மணி நேரத்தில் மூட்டை கட்ட வைத்தேன்.

காணாமல் போனவர்கள் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகக் கோப்புகள் என் பொறுப்பு. என் அறையில் ஒரு தாள் தொலைந்ததில்லை என்று அதிகாரியிடம் பீற்றிக்கொள்வேன். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று பார்க்கும் வேலையை அதனால்தான் என் தலையில் கட்டினார்.

"ஒரே மாதிரி இருக்கிற தாளையெல்லாம் கண்டுபிடிச்சு இது ஒண்ணா சேர்த்துடும் சார். தேதியை மட்டும் பட்டியலா வச்சுக்கும். இடம் எவ்வளவு மிச்சம் பாருங்க" என்றாள்.

அப்படியா சங்கதி என்று எழுந்துபோய், முதல் திங்கள் அம்மாவின் கோப்பை எடுத்து வந்தேன்.

அது நாங்கள் வைத்த பெயர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவருடைய மகன், பத்தொன்பது வயது, சைக்கிளுக்குக் காற்றடித்து வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. அன்றிலிருந்து மாதத்தின் முதல் திங்கட்கிழமை தவறாமல் வருவார். நான் ஒரு சீட்டில் 'தகவல் ஏதும் இல்லை' என்று எழுதிக் கோப்பின் மேலேயே வைப்பேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

பேனாவை அப்படி அழுத்துவார், மேசையே ஆடும். "மெதுவா போடுங்கம்மா" என்று ஒருமுறை சொன்னேன்.

"நான் வந்து வந்து கேட்டதுக்கு அத்தாட்சி வேணுமில்ல தம்பி? நாளைக்கு அவன் வந்தா காட்டணுமே" என்றார்.

இன்றும் முதல் திங்கள்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் பொறுங்கள், மிஷின் வந்திருக்கிறது என்று சொல்லியிருந்தேன்.

புகாரையும் புகைப்படத்தையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சீட்டுகளை மட்டும் கட்டோடு கொடுத்தேன். ஸ்கேனர் சரசரவென்று விழுங்கியது.

எனக்கு மனசே சரியில்லை. ஒன்பது வருட நடையும் ஒரே தாளாகிவிட்டால் அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? இது ஒன்றே போதும், இந்த சாஃப்ட்வேர் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என நினைத்தேன்.

திரையில் இரண்டு வரி வந்தது. ஒரே மாதிரி: 110. வேறு: 1.

"ஒண்ணு மட்டும் வேற சார்."

"இருக்கவே இருக்காது. எல்லாம் நான் எழுதினது, நானே கோத்தது."

அவள் அந்த ஒன்றைப் பெரிதாக்கினாள்.

சீட்டு இல்லை. ஒரு மருத்துவமனையின் கடிதம். நாங்கள் எல்லா இடங்களுக்கும் அனுப்பிய புகைப்படத்துக்குப் பதில்.

'படத்திலுள்ள இளைஞர் இங்கே பெயர் தெரியாதவராகச் சேர்க்கப்பட்டிருக்கிறார். நிலைமை மோசமாகி வருகிறது. வேறெதுவும் சொல்லத் தெரியாமல் அம்மாவை மட்டும் கேட்கிறார். உடனே வரச் சொல்லவும்.'

தேதி ஆறு வருடத்துக்கு முந்தையது.

மூலையில் வரவு முத்திரை. அதன் பக்கத்தில் சுருக்கமாக ஒரு கையெழுத்து. என்னுடையது.

அன்றைய தபாலில் இருந்த எல்லாவற்றுக்கும் மளமளவென்று முத்திரை குத்தியிருப்பேன். கோப்பு எண்ணை மட்டும் பார்த்து இதைச் சொருகியிருப்பேன். படித்திருக்க மாட்டேன். அடுத்த முதல் திங்கட்கிழமை அந்த அம்மா வந்ததும், இதன் மேலேயே சீட்டை வைத்து எழுதியிருக்கிறேன், தகவல் ஏதும் இல்லை என்று.

பாவி, நான் பாவி. என் அறையில் ஒரு தாள் தொலையவில்லை.

அந்தப் பெண்ணும் படித்துவிட்டாள். என்னைப் பார்க்காமல் ஸ்கேனரின் வயரைச் சுற்றத் தொடங்கினாள்.

அடுக்கிலிருந்து கடிதத்தை உருவினேன். தாளின் அடியில், ஒன்றும் எழுதாத இடத்தில், விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். மையில்லாத வெறும் பள்ளமாக அந்த அம்மாவின் கையெழுத்து. மேலே இருந்த சீட்டில் போட்டது இதிலும் இறங்கியிருந்தது.

கதவு திறந்தது.

"மிஷின் வேலை முடிஞ்சுதா தம்பி? சீட்டைக் குடுங்க, போட்டுட்டுக் கிளம்பறேன்."

பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.