பேக்கிங் பிரிவு ஆடுகிறது

கம்பெனியின் வெள்ளி விழா மேடையில் எங்கள் ஆர்கெஸ்ட்ரா தயாராக இருந்தது. முதலாளி மைக்கைப் பிடித்து, பேக்கிங் பிரிவை இந்த மாதத்தோடு மூடுவதாகச் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நல்ல டான்ஸ் பாட்டா ஒண்ணு போடுங்கப்பா."

நான் டிரம்ஸில் அடியைத் தொடங்கினேன். யாரும் எழவில்லை. பிறகு பேக்கிங் பிரிவின் பிலோமினா எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முதலாளிக்கு நேர் எதிரே வந்து ஆடினாள். முகத்தில் சிரிப்பே இல்லை. மூன்று பாட்டு முடிந்தும் ஓயவில்லை. முதலாளி நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"ஆள் ஆடிட்டிருக்கப்ப நிறுத்துற வழக்கம் எங்க குழுவுல கிடையாது சார்," என்றார் எங்கள் லீடர் தாஜுதீன். பன்னிரண்டு வருடமாக அவரோடு வாசிக்கிறேன். அப்படியொரு வழக்கம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

பிலோமினா திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தாள். அவள் மூச்சு வாங்க நின்றபோது இன்னொருத்தி ஆட வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பேக்கிங் பிரிவில் மொத்தம் எத்தனை பேர் என்று முதலாளி அப்போதுதான் எண்ணத் தொடங்கினார்.