அண்ணனுக்குத் தனிச் சட்டி

“அண்ணனுக்கு மட்டும் தனிச் சட்டியா அண்ணி?”

ஜெனிட்டா கேட்ட தோரணையில், மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அண்ணி ஜெபாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

ஈஸ்டருக்கு வந்துபோனவள், சதுரங்கப்பட்டினத்து அண்ணன் வீட்டுக்கு இன்றைக்குத்தான் மறுபடி வருகிறாள். வந்ததும் வராததுமாக இந்தக் கண்றாவி. அண்ணன் ஜெரோமுக்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி, வாஸ்தவம்தான். அதற்காகக் கட்டினவளே ஒதுக்கிவைப்பாளா?

“ரத்தத்துல பரவுற கிருமி அண்ணி அது. சோத்துலயா பரவும்? பல் டாக்டர்கிட்ட வேலை பாக்குறேனே, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“வுடு ஜெனி, சாப்புடு” என்றான் ஜெரோம். வாயைப் பாதிதான் திறந்தான்.

விடுவாளா அவள்? அந்தச் சட்டியையே இழுத்துத் தன் தட்டில் ஊற்றிக்கொண்டாள். ஒரு வாய் வைத்தவளுக்கு முகம் மாறியது. காரமும் இல்லை, புளிப்பும் இல்லை.

“இன்னா அண்ணி இது?”

“நாலஞ்சு மாசமா காரம் பட்டா வாய் எரியுதுன்றாரு. அதான் அவருக்குத் தனியா வெச்சிகினு கீறேன்.”

ஜெனிட்டா செல்போன் டார்ச்சை அடித்து அண்ணனின் வாய்க்குள் பார்த்தாள். கன்னத்தின் உள்பக்கம் வலை பின்னியதுபோல் வெள்ளைக் கோடுகள். நடுவில் சிவந்த புண். வெளியிலிருந்து தொட்டாலே தடிப்பு தெரிந்தது.

இந்தக் கிருமி இருப்பவர்களுக்கு வாயில் இப்படி வரலாம், சிலருக்கு அது புற்றுநோயில் கொண்டுபோய் விடும், ஆரம்பத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி எத்தனையோ தடவை கேட்டவள்தான்.

“இத்தினி மாசம் யார்கிட்டயும் காட்டாம இன்னா பண்ணிகினு இருந்தீங்க?”

“காட்டாம இன்னா? ஆடி மாசம் திருக்கழுக்குன்றத்துல பல் முகாம் போட்டாங்களே, மொத ஆளா போய் நின்னோம். ஃபாரத்துல கிருமி கீதுன்னு நெசத்த எழுதினாரு. அதப் பாத்துட்டு, இந்தக் கேஸெல்லாம் இங்க பாக்க மாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

“எந்த மனசாட்சி இல்லாத ஜென்மம் அனுப்பிச்சது? ஆளைக் காட்டுங்க அண்ணி, நாளைக்கே உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்.”

வேண்டாம் என்பதுபோல் ஜெரோம் மனைவியைப் பார்த்தான். ஆனாலும் ஜெபாவால் அடக்க முடியவில்லை.

“நீதான் ஜெனி. ஃபாரம் வாங்குற மேசைல நீதான குந்திகினு இருந்த. பேரைக்கூடப் படிக்கல, நிமிர்ந்தும் பாக்கல, ஃபாரத்தைத் தள்ளிவுட்ட. அத்தினி பேர் எதிர்ல தங்கச்சிக்கு அசிங்கமாயிடும்னு உங்கண்ணன்தான் வாயத் தொறக்காம திரும்பி வந்துட்டாரு.”