கழற்றிய ஒயர்

கரங்கானில் தனியாக இருக்கும் அப்பாவின் மேசைக் கணினியை மெர்கோங்கில் உள்ள தன் வீட்டிலிருந்தே இயக்க, மாலைக் கணினி வகுப்பில் சொல்லித்தந்தபடி ஷாமளா ஒவ்வொன்றாகச் செய்தாள். திறந்துகொண்டது. உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, உங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்துட்டேன்!"

"எப்படிம்மா? இங்க ஒரே இடி. எல்லா பிளக்கையும் பிடுங்கிட்டேன்லா. கம்ப்யூட்டர் ஒயரைக்கூட கழட்டிக் கையில வச்சிருக்கேன்."

தான்தான் எங்கோ பிசகிவிட்டோம் என்று அவள் கணினி இணைப்பை மட்டும் துண்டித்து, முதலிலிருந்து செய்தாள். அதே கணினிதான் வந்தது. சந்தேகம் தீர அதன் கேமராவைத் திறந்தாள். அப்பா ஜன்னலோரம் முதுகு காட்டி நின்றார். ஒரு கையில் போன், மறு கையில் ஒயர்.

"வீட்டுல வேற யாருப்பா?"

"நானும் அந்தத் திருட்டுப் பூனையும்தான்."

கேமராவை மேசையோடு திருகி வைத்தவள் அவள்தான். ஆனாலும் அப்பாவின் பிடரி மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"அப்பா, திரும்பிப் பாக்காதீங்க. அப்படியே வெளிய போயிருங்க."

"இந்த மழையிலயா?"

சிரித்தபடி அவர் திரும்பினார். திரை முழுவதும் அவர் முகம்.

"இங்க யாருமே இல்லையேம்மா," என்றார்.

அவர் மூச்சுப் பட்டு, படத்தில் ஆவி படர்ந்தது.