மடியில் கிடந்த கடுக்கன்

அடுக்களையில் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அல்போன்சா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மூன்று மாதமாய்ச் சுவரையே பார்த்துக் கிடந்த பிள்ளையல்லவா!

பதினைந்து வயது பிளாரன்சுக்குச் சோறும் இறங்கவில்லை, உறக்கமும் இல்லை. "கதவு தெறந்துதாம்மா இருக்கு, என்னாலதான் வெளிய வர முடியல" என்று ஒருநாள் சொல்லி அழுதாள். பேய் பிடித்திருக்கிறது, கோயிலில் சங்கிலியால் கட்டிப் போடு என்றது தெரு. பாளையங்கோட்டையில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் காட்டலாம் என்றான் தம்பி சிலுவை. காட்டினால் பைத்தியம் என்று பேராகிவிடும். காட்டாவிட்டால் பிள்ளை கரைந்துபோவாள். எந்தப் பக்கமும் நகர முடியாமல் தவித்தவள், நேற்றுத்தான் அரைமனதாய்ச் சம்மதித்திருந்தாள்.

ரயிலடிக்குப் போக இசக்கியப்பனின் வில்வண்டியோடு வந்து நின்றான் சிலுவை.

"வண்டியத் திருப்பி அனுப்பிருலே. பிள்ள சொகமாயிட்டா."

"ஒரே ராத்திரியிலயாக்கா?"

"விடிஞ்சதும் குளிச்சு, தலை சீவி, எதுத்த வீட்டு அற்புதமணிகிட்டப் போய்ப் பழைய சண்டைக்கு மன்னிப்புக் கேட்டிருக்கா. 'ஒன்ன விட்டு எறங்குன பேய் எங்க வீட்டுக்குள்ள வந்துரப்படாது'ன்னு அவ கதவச் சாத்திட்டாலே!"

சிலுவை வாசற்படியில் உட்கார்ந்து, வெற்றிலைக்கு மடியைத் துழாவினான். சிவப்புக்கல் கடுக்கன் ஒன்று உருண்டு விழுந்தது.

"ஒம் மச்சானுதுல்லாலே இது?"

"சங்கு குளிக்க எறங்குமுன்ன கழத்திக் குடுத்தாரு. திருப்பிக் குடுக்க மறந்துட்டேன்."

அல்போன்சாவின் புருஷன் ரோச் கடலுக்குள் இறங்கினால், மேலே தோணியில் கயிறு பிடிப்பவன் சிலுவை. மச்சானின் உயிரை மைத்துனன் கையில்தான் விடுவார்கள், அந்தக் கரையில்.

பிளாரன்ஸ் கருப்பட்டிக் காப்பியோடு வந்தாள். யுத்த காலம், சீனி ஏது? அவள் காது மூளியாய் இருந்தது.

"ஏளா, கம்மல எங்க?"

"தங்கச்சிக்குப் போட்டுட்டேம்மா. பட்டுப்பாவாடையும் அவளுக்குத்தான்."

"பாத்தியாலே பாசத்த!" பெற்றவளுக்குக் கண் நிறைந்தது.

பிளாரன்ஸ் கழுத்து ஜெபமாலையைக் கழற்றிச் சிலுவையின் கையில் வைத்தாள். "நீங்க வச்சுக்கிடுங்க மாமா. கடல்ல தொணையா இருக்கும்." சிரித்த முகம்.

சிலுவை காப்பியைத் தொடவில்லை. மருமகளின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தான். கயிறு பிடிக்கிற அதே பிடி.

"ஏலே இசக்கியப்பா, மாட்ட அவுக்காத! டாக்டர்கிட்டதான் போறோம்."

"ஒனக்கென்ன கிறுக்கா? நல்லாயிட்டான்னு சொல்லுதேம்லா!"

சிலுவை பிடியை விடவில்லை.

"முங்கப் போறவந்தாங்க்கா எல்லாத்தையும் கழத்திக் குடுப்பான்."