நான்காவது அழைப்பு

மூன்றாவது அழைப்புக்கும் என் மகன் நாகாத் அசையவில்லை.

கீலேயாத்தின் ஏழு ஊர் ஆண்களும் மேட்டில் வரிசையாக நின்றார்கள். எதிரே பாறைமேல், வழக்கும் தீர்த்துப் படையும் நடத்தும் நியாயாதிபதி எலிசூர். பெண்கள் நாங்கள் ஆட்டுப்பட்டிச் சுவருக்கு இந்தப் பக்கம், வழிக்கான அப்பமும் அத்திப்பழ அடையும் மடியில் வைத்துக்கொண்டு நின்றோம்.

போருக்குப் புறப்படுமுன் நான்கு வகை ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம்.

புது வீடு கட்டி இன்னும் குடிபோகாதவன் போகலாம் என்றார் எலிசூர். ஆறு பேர் போனார்கள்.

"இவன் எங்கடா வீடு கட்டினான்? ஆட்டுக்கொட்டாய்க்குக் கதவு மாட்டினான்!" என்று கத்தினான் அக்பான். எங்கள் ஊர்க் குயவன், வாய் மூடாதவன். எல்லோரும் சிரித்தார்கள்.

திராட்சைத் தோட்டம் போட்டு இன்னும் பழம் தின்னாதவன். நான்கு பேர்.

பெண்ணுக்கு நிச்சயம் செய்து இன்னும் கல்யாணம் முடிக்காதவன். ஒன்பது பேர். அவர்களுக்குச் சிரிப்பு இன்னும் பலமாக இருந்தது.

மிச்சமிருந்தது நான்காவது அழைப்பு. பயப்படுகிறவன் போகலாம்.

நாகாத் பயந்துகொண்டிருந்தான். போன அறுப்பின்போது அம்மோனியர் களத்துக்கு வந்து, தானியத்தை அள்ளி, என் மூத்தவர்கள் இரண்டு பேரையும் வெட்டிப் போட்டதை அவன் வைக்கோலுக்குள் இருந்து பார்த்தவன். அதன் பிறகு அவன் கையில் கிண்ணம் கொடுத்தால் பாதித் தண்ணீர் தரையில்தான். இப்போது அவன் பிடித்திருந்த ஈட்டியின் முனை ஆடுவது சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது.

ஆற்றங்கரைச் சண்டைக்கு அவன் போனால் திரும்பி வர மாட்டான். வரிசையை விட்டு வெளியே வரவும் அவனால் முடியாது. வேறு யார் வந்தாலும் ஊர் இரண்டு மழைக்காலத்தில் மறந்துவிடும். அவனை மறக்காது.

எலிசூர் நான்காவதைச் சொன்னார்.

ஒரு கால்கூட நகரவில்லை.

"எவனாவது நகர்ந்தீங்க, என் பொண்டாட்டி முக்காட்டை வாங்கிட்டு வந்து தலையில போட்டு அனுப்புவேன்," என்றான் அக்பான். இந்த முறை சிலர்தான் சிரித்தார்கள்.

எலிசூர் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து செருப்பு வாரை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். ஒரு வாரைக் கட்ட அவ்வளவு நேரம் ஆகாது.

பிறகு நிமிர்ந்து, சரிவில் இறங்கிக்கொண்டிருந்த பத்தொன்பது பேரையும் கூப்பிட்டார்.

"ஏய், எல்லாரும் திரும்பி வாங்கப்பா! முறை தப்பிப்போச்சு. எங்க அப்பா காலத்துல இப்படித் தனித்தனியா கூப்பிட மாட்டாங்க."

எலிசூரின் அப்பா ஆடு மேய்த்தவர். படை என்ற ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை.

பத்தொன்பது பேரும் முணுமுணுத்துக்கொண்டே வந்து பழைய இடத்தில் நின்றார்கள். "அப்போ பொண்ணையும் மறுபடி முதல்லேருந்து பேசணுமா?" என்று ஒருவன் கேட்டது என் காதில் விழுந்தது.

"நாலையும் சேர்த்தே சொல்லிட்டேன். போறவங்க ஒண்ணாப் போங்க. யாரு எதுக்குப் போறான்னு இன்னைக்கும் கேட்கக் கூடாது, என்னைக்கும் கேட்கக் கூடாது. கேட்கிறவன் எனக்குப் பதில் சொல்லணும்."

சொல்லிவிட்டு எலிசூர் எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். கீழே யாப்போக்கு ஆறு. அக்கரையில் அம்மோனியர் பாளயத்தின் புகை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது பேரும் வெளியே வந்தார்கள். அவர்களுக்கு நடுவே இன்னும் சிலர். மொத்தம் முப்பத்திரண்டு என்று பிறகு சொன்னார்கள்.

நாகாத் கடைசியாக நகர்ந்தான். ஈட்டியைப் பக்கத்தில் நின்றவன் கையில் திணித்துவிட்டு நடந்தான்.

அக்பான் வாயைத் திறந்தான்.

"பாருடா, சத்தமில்லாம எங்கேயோ பொண்ணு பேசி முடிச்சிருக்காங்க. நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

நிஜமாகவே நம்பினானா, கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்று பயந்தானா, தெரியாது. அன்றிலிருந்து நான் வேறு குயவனிடம் சட்டி வாங்கியதில்லை.

நாகாத் என்னைக் கடந்து ஊர்ப்பக்கம் இறங்கினான். என்னைப் பார்க்கவில்லை. நான் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. பக்கத்தில் இன்னொரு தாய், முகத்தை அப்பத் துணியில் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அவளை நானும் எதுவும் கேட்கவில்லை.

கொம்பு ஊதினார்கள். மற்றவர்கள் ஆற்றை நோக்கி நகரத் தொடங்கினார்கள். எலிசூர் பாறையிலிருந்து இறங்கிச் சுவரோரமாக வந்தார். அப்போதும் ஊர்ப்பக்கம் தலையைத் திருப்பவில்லை.

"போயிட்டானா?"

"போயிட்டான்."

நாகாத்துக்கென்று கட்டி வைத்திருந்த அப்பத்தையும் அவரிடமே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வேகமாக நடந்து முன்வரிசைக்குப் போய்விட்டார்.

அம்மோனியர் ஆற்றுத் துறையில் தோற்றார்கள். அதற்குப் பிறகு இந்தக் களத்தில் நாங்கள் அடித்த தானியத்தை நாங்களே தின்கிறோம்.

படை புறப்பட்ட மூன்றாம் நாள் எலிசூரின் உடலைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கண்ணை மூடி, துணி சுற்றி, குகைக்குள் அவருடைய அப்பாவுக்குப் பக்கத்தில் கிடத்தியது நாகாத். தகப்பனுக்கு அதை மகன்தான் செய்ய வேண்டும். செய்ய எங்களுக்கு ஒருவன் மிச்சம் இருந்தான்.