கடலோரமாய் ஒரு நாள்

"மணப்பாட்டு மேட்டுல நின்னா ரெண்டு பக்கமும் கடல்தான். பைய ஏறுட்டி" என்று தங்கை வடிவுக்குக் கைகொடுத்தான் கார்த்திகேசன். கீழே பாறையில் அலை மோதிச் சிதறியது.

"அடுத்த லீவுல வந்து இதெல்லாம் காட்டுதேன்னு அவுக சொல்லியிருந்தாக" என்றாள் வடிவு. கணவனுக்கு மஸ்கட்டில் வேலை.

"ஏன், அண்ணன் காட்டக் கூடாதா?"

காலையில் வண்ணார்பேட்டையிலுள்ள அவள் மாமனார் வீட்டுக்குத் திடீரென்று வாடகைக் காரோடு வந்து அவளை அழைத்து வந்திருந்தான். திருச்செந்தூர், மணப்பாடு, உவரி என்று நிறுத்திய இடமெல்லாம் பிச்சிப்பூ வாங்கினான்.

"போதும்ணே. தல கனக்கு."

"இருக்கட்டும், வச்சுக்கோ."

கன்னியாகுமரியில் சூரியன் இறங்கும் நேரம். "பாத்துக்கிட்டு இரு, வாரேன்" என்று எஸ்.டி.டி. பூத்துக்குப் போனான்.

அப்பாதான் போனை எடுத்தார். "மாப்பிள்ள உடம்பு திருவனந்தபுரம் வந்து எறங்கிட்டுலே. அவகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்லப்பா. இனி பூ வைக்க விடமாட்டாக. ஒரு வருசத்துக்கு வாசப்படி தாண்ட விடமாட்டாக. இன்னைக்கு ஒரு நாளாவது..."

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினான். வடிவு கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுக வந்துட்டாகளா அண்ணே?"

கார்த்திகேசன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நேத்து என் மாமனாரு போன்ல பேசுனது காதுல விழுந்துட்டு. காலைல நீ பூவோட வந்து நின்னே. வாயத் திறந்தா அதையும் பிடுங்கிருவாகன்னு பேசாம இருந்துட்டேன்."

தலையிலிருந்த பூவை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு முழம் வாங்கித் தாண்ணே. வண்ணார்பேட்டை போய்ச் சேர நேரம் இருக்குல்லா?"